பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில்

அந்த வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், அ. முத்துக்கருப்பன், வயது எழுபத்தொன்று. என் மனைவி பவுனு, சமையல்கட்டில் இருந்தாள். மருமகள் சொர்ணலதா, பின்பக்கக் கொட்டகையில் வேலையில் இருந்தாள். பேத்தி கயல், ஒன்பது வயது, பள்ளிக்கூட வேனுக்காக வாசலில் நின்றாள். தச்சு வேலைக்கு வரும் ஞானதுரை ஏழரை மணிக்கே வந்துவிட்டுத் திருகாணி வாங்க சைக்கிளில் சின்னமனூருக்குப் போயிருந்தார். அவரையும் சேர்த்தால்தான் ஐந்து. இட்லிக்கு அரைத்த சட்னியில் உப்பு கொஞ்சம் கூடுதல். மற்றபடி எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு இதை என் கையாலேயே எழுதித் தருகிறேன். உங்கள் ரைட்டர் நல்ல பிள்ளைதான். ஆனால் நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்று எழுதுகிறார். 'முன்விரோதம் காரணமாக' என்று ஆரம்பித்தார். எனக்கும் என் மருமகளுக்கும் விரோதம் எதுவும் கிடையாது. வீட்டுக்கு வந்த பதினோரு வருடத்தில் அவள் எனக்கு ஆறிய காப்பி கொடுத்ததில்லை. நான் அவளை ஒரு நாளும் பெயர் கெடும்படி பேசியதில்லை.

எங்கள் வீட்டுக்கு ஊரில் பெட்டி வீடு என்று பெயர். குலதெய்வத்தின் துணி, மணி, அரிவாள், திருநீற்றுப் பை எல்லாம் ஒரு மரப்பெட்டியில் இருக்கும். வருடம் முழுவதும் அது எங்கள் சாமி அறையில் இருக்கும். மாசி சிவராத்திரிக்கு மட்டும் தலையில் வைத்து ஓடைக்கரைக் கோயிலுக்குக் கொண்டுபோவோம். பெட்டி சுமப்பவன் காலுக்கு வழியெல்லாம் தண்ணீர் ஊற்றுவார்கள். முந்நூறு தலைக்கட்டுப் பங்காளிகளும் பெட்டிக்குப் பின்னால்தான் நடக்க வேண்டும். தேனியில் மண்டி வைத்திருப்பவனும், மதுரையில் வக்கீலாக இருப்பவனும் அன்றைக்கு என் முதுகைப் பார்த்துத்தான் நடப்பார்கள். முப்பத்தெட்டு வருடம் அப்படி நடந்தார்கள்.

பெட்டியை ஏற்பவர் முதல் வருடம் அதற்கு ஒரு பூச்சு வர்ணம் அடிக்க வேண்டும் என்பது வழக்கம். பழைய வர்ணத்தைச் சுரண்டக் கூடாது, அதன் மேலேயே அடிக்க வேண்டும். என் பூட்டன் அடித்தது செங்காவி. தாத்தா பச்சை. அப்பா நீலம். நான் அரக்கு. கை படுகிற இடத்திலும் விளிம்பிலும் மேல் வர்ணம் தேய்ந்து கீழ் வர்ணம் தெரியும். யாராவது கேட்டால், இது என் தகப்பன், இது அவர் தகப்பன் என்று விரல் வைத்துக் காட்டலாம்.

பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு மஞ்சள் பூச்சு உண்டு. அதை எழுதாவிட்டால் மற்றது உங்களுக்கு விளங்காது. என் தாத்தா மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலக்காய் மூட்டை விவகாரத்தில் மூன்று வருடம் வெளியே தங்க வேண்டி வந்தது. சர்க்கார் இடத்தில் தங்கினார். அந்த மூன்று வருடம் பெட்டி எங்கள் பங்காளி வீட்டில் இருந்தது. அவர்கள் மஞ்சள் அடித்தார்கள். பிறகு என் அப்பா தலையெடுத்ததும் பெட்டி திரும்ப எங்களிடம் வந்தது. இடது பக்கக் கீழ் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு அந்த மஞ்சள் தெரியும். சாமி அறையில் அந்தப் பக்கத்தைச் சுவரை ஒட்டி வைப்பேன்.

இனி என் மருமகளின் தொழில். என் மகன் விஜயகுமார் குவைத்தில் கிரேன் ஓட்டுகிறான். அவன் போன பிறகு அவள் குமுளிக்குப் போய் ஒரு பட்டறையில் பழகிக்கொண்டு வந்து, பின்னால் மாட்டுக் கொட்டகையை மாற்றி வேலையை ஆரம்பித்தாள். ஆன்டிக் ஃபினிஷ் என்று பெயர். தேக்கடிப் பக்கம் ரிசார்ட்காரர்களுக்குப் பழைய மேசையும் நாற்காலியும் பீரோவும் வேண்டுமாம். ஆனால் நிஜமான பழசு என்றால் அழுக்காக இருக்கும், ஆடும். அதனால் பழையதை வாங்கி, உரித்து, கெட்டி செய்து, மறுபடியும் பழசாக்கித் தர வேண்டும். ஒரு வர்ணம் அடிப்பாள். காய்ந்ததும் எங்கெங்கே தேய்ந்ததாகத் தெரிய வேண்டுமோ அங்கெல்லாம் மெழுகுவர்த்தியைத் தேய்ப்பாள். அதன் மேல் இன்னொரு வர்ணம். அதுவும் காய்ந்த பிறகு உப்புத்தாளால் தேய்த்தால், மெழுகு பட்ட இடத்தில் மேல் வர்ணம் மட்டும் உதிர்ந்து கீழே இருப்பது தெரியும். சங்கிலியால் இரண்டு அடி அடித்தால் நூறு வருடத்துப் பள்ளம் விழும். டீ டிகாக்‌ஷனைத் தடவினால் கறை.

எனக்கு அது பிடிக்கவில்லை. நல்ல மரத்தை அடிபட்ட மரமாக்குவது என்ன வேலை என்று ஒருமுறை கேட்டேன்.

"பணம் இருக்கவுகளுக்குப் பழசு வேணுமாம் மாமா. பழசு இருக்கவுகளுக்குப் பணம் வேணும். நடுவுல நான் உக்காந்து தேய்க்கிறேன்" என்று சிரித்தாள். அவளுக்கு எதற்கும் ஒரு சிரிப்பு உண்டு.

2006ஆம் வருடம் தை மாதம், பொங்கல் கழிந்த மறுவாரம், சாமி அறைச் சுவரில் மண் கோடு ஒன்றைப் பார்த்தேன். பெட்டியை நகர்த்தப் பார்த்தேன். நகரவில்லை. என் கையோடு அதன் பக்கப் பலகை வந்தது. வெளியே நான்கு வர்ணமும் அப்படியே இருந்தன. உள்ளே மரம் இல்லை. கரையான் வர்ணத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தின்றிருந்தது. துணியும் போய்விட்டது. மணியும் அரிவாளும் பித்தளைக் கீல்களும் மிச்சம்.

பெட்டி வீட்டில் பெட்டியைக் கரையான் தின்றால், அம்மன் அந்த வீட்டைவிட்டு எழுந்து போய்விட்டாள் என்று அர்த்தம். பெட்டி அடுத்த பங்காளி வீட்டுக்குப் போய்விடும். அடுத்த பங்காளி என்றால் மொக்கைச்சாமி. மஞ்சள் அடித்தவர்களின் வழி. என் வயதுக்கு ஆறு வயது இளையவன்.

நான் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டேன். பவுனுவிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு நாள் யோசித்து, மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மனைக் கும்பிட்டுவிட்டு, ஒரு சில்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஓட்டல் சாமான்னா நாலு நாள்ல முடிச்சிருவேன் மாமா. இது சாமி சமாச்சாரம், ஒம்பது நாளு குடுங்க. நான் வெரதமிருந்து செய்யிறேன். ஒண்ணே ஒண்ணு, எந்தக் கலருக்கு மேல எந்தக் கலருன்னு சரியாச் சொல்லிப்புடுங்க. ஒரு பூச்சு விட்டுப்போனாலும் பல்ல இளிச்சிரும்."

சொன்னேன். காவி, பச்சை, நீலம், அரக்கு.

"இம்புட்டுத்தேனா? இந்தா, இதுல மஞ்சக் கணக்கா ஒண்ணு தெரியிதே."

"அழுக்கு."

"அழுக்கு இம்புட்டு சீராவா பச்சைக்கு மேல ஒட்டும்? கோடு போட்ட மாதிரில்ல இருக்கு."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சில்லைக் கீழே வைத்தாள். அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் மஞ்சளும் அடித்திருப்பாள். ஆனால் என் வீட்டில், என் செலவில், என் மருமகள் கையால் அந்த மூன்று வருடத்தை மறுபடியும் எழுதி வைக்க எனக்கு என்ன அவசியம்? அந்த வர்ணத்தைக் கரையான் எடுத்துப் போட்ட பிறகும் நான் ஏன் அதைத் தேடி ஒட்ட வேண்டும்? இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

கேரளாவில் ஏதோ வீட்டில் கழற்றிய பலாக்கதவு ஒன்று கொட்டகையில் கிடந்தது. ஞானதுரை அதை அறுத்துப் பெட்டி செய்தார். அவர் ராயப்பன்பட்டிப் பக்கத்துக் கிறித்தவர், எங்கள் சாமிப் பெட்டியைப் பார்த்ததில்லை. ஓட்டலுக்கு என்று சொன்னோம். கீலும் நாதாங்கியும் பழையதையே போட்டாள். ஒன்பதாம் நாள் என்னைக் கூப்பிட்டாள். பெட்டி சுமக்கும்போது என் அப்பாவின் வலது கை எங்கே பிடிக்குமோ அங்கே அரக்கும் நீலமும் தேய்ந்து பச்சை தெரிந்தது. அவர் கை எங்கே பிடிக்கும் என்று நான் அவளிடம் சொன்னதில்லை. மரத்தின் கனத்தை வைத்துத் தானே கண்டுபிடித்ததாகச் சொன்னாள். அவள் வேலை தெரிந்தவள். அதில் நான் குறை சொல்ல முடியாது.

சிவராத்திரி நல்லபடியாக நடந்தது. பெட்டியைச் சுமந்தேன். தண்ணீர் ஊற்றினார்கள். எனக்குப் பரிவட்டம் கட்டினார்கள். பிறகு பெண்கள் வரிசையாக வந்து பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மொக்கைச்சாமியின் தாய் பஞ்சம்மாள் வந்தாள். எண்பத்தைந்து வயதுக் கிழவி. அவள் குனிந்து இடது கீழ் மூலையைத் தடவினாள். மறுபடியும் தடவினாள். முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"ஏலே முத்துக்கருப்பா, எங்க மாமனாரு மஞ்சளை எங்கடா?"

கொட்டுக்காரர்கள் அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்டது.

"உனக்குக் கண்ணு மங்கிப்போச்சு ஆத்தா."

"உம் மூஞ்சிதேன் மங்கலாத் தெரியுது. மஞ்ச தெரியும்டா. எம் மாமனாரு அடிக்கையில சட்டியப் பிடிச்சவ நானு. வருசா வருசம் அந்தப் பொட்டைத் தொட்டுத்தேன் கும்புடுறேன். எங்கன வச்சிருக்க?"

அவள் ஒவ்வொரு வருடமும் அந்த இடத்தைத்தான் தொட்டிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. பெண்கள் தொடும்போது நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

மொக்கைச்சாமி பத்து நாள் கழித்து நான்கு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். காப்பி குடித்தான். தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

"அண்ணே, நான் ஒண்ணும் சந்தேகப்படல. ஆத்தாதேன் ராத்திரி பகலா அரிக்கிறாக. உங்க வீட்டாளுக வந்து அம்மன் முன்னால சூடத்தை அணைச்சிட்டா, அவுக வாயும் மூடிரும், ஊரு வாயும் மூடிரும்."

"நான் வந்து அணைக்கிறேன்."

"உங்க சத்தியம் வேணாம்ணே. நீங்க பெட்டிக்காரவுக, உங்களைக் கேக்கலாமா? அந்த மருமகப் புள்ளை அணைக்கட்டும். அதுக்குத்தேன் புதுசைப் பழசாக்குற வித்தை தெரியும்னு ஊரே சொல்லுது."

பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். மார்ச் பதினேழு, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி என்று முடிவானது.

சூடம் அணைப்பது என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கற்பூரத்தை ஏற்றி, சத்தியத்தைச் சொல்லி, எரிவதை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்யாக அணைத்தால் பெற்ற பிள்ளையின் தலையில் விடியும் என்பார்கள். நான் அணைத்திருப்பேன். எனக்கும் ஒரே மகன்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் முற்றத்தில் கயலுக்குத் தலை சீவி முடித்து, பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள். நின்றுகொண்டே பேசினாள்.

"மாமா, நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். நாக்கை அறுத்தாலும் சொல்லமாட்டேன். ஆனா சூடத்தை மட்டும் அணைக்கச் சொல்லாதீக. கயலு ஒத்தப் புள்ள."

"பாவம் என்னுது. நான் ஏத்துக்கிறேன்."

"பாவத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கிற முடியுமா மாமா?"

"அணைக்காட்டி என்ன செய்வ?"

"பேசாம நிப்பேன்."

எரியும் கற்பூரத்துக்கு முன்னால் பேசாமல் நிற்பதும் உண்மையைச் சொல்வதும் ஒன்றுதான். அதை அவளுக்குச் சொன்னேன்.

"அப்ப உண்மையவே சொல்லிருவோம். கரையான் அரிச்சது உங்க குத்தமா? நான்தேன் செஞ்சேன்னு நானே சொல்றேன். அவுகளும் மனுசருதானே, நாலு பேச்சுப் பேசுவாக, கேட்டுக்கிருவோம்."

"பெட்டி போயிரும்."

"போனாப் போகட்டுமே மாமா. அந்த ரூம்புல கயலுக்கு ஒரு மேசை போட்டுக் குடுத்துருவேன், படிக்கட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாள் என்பதும் எனக்குத் தெரியும். நான் கோபப்படவில்லை. சரி, காலையில் பார்க்கலாம் என்றேன். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள்.

நான் யோசித்தது இவ்வளவுதான். சாவு விழுந்த வீட்டாரை எங்களில் யாரும் சத்தியத்துக்கு அழைப்பதில்லை. அழைப்பது அசிங்கம். சத்தியம் செய்ய வேண்டியவளே இல்லை என்றால் அந்தப் பேச்சு அத்தோடு முடியும். துக்க வீட்டுப் பெட்டியைப் பற்றிக் கேள்வி கேட்பவனைத்தான் ஊர் காறித் துப்பும். பவுனு போனாலும் வீடு துக்க வீடுதான், ஆனால் சத்தியம் செய்ய வேண்டியவள் அப்படியே இருப்பாள். எல்லாப் பக்கமும் பார்த்துத்தான் முடிவு செய்தேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமைதோறும் குளித்துவிட்டுத் தூபக்காலில் கங்கு போட்டு வீடு முழுவதும் சாம்பிராணி காட்டுவது என் பழக்கம். சாமி அறை, கூடம், சமையல்கட்டு, முற்றம். மருமகள் கொட்டகைக்குள் மட்டும் போவதில்லை. அங்கே தின்னரும் வார்னிஷும் ஸ்பிரிட்டும் இருக்கும், துடைத்த துணிகள் குவிந்து கிடக்கும். ஈர வர்ணத்தில் தூசி ஒட்டக் கூடாது என்று ஜன்னலில் சாக்கை அடித்து, கதவையும் சாத்தி வைத்துக்கொண்டுதான் வேலை செய்வாள். நான் தூபக்காலோடு அந்தப் பக்கம் திரும்பினாலே, "மாமா, அங்கனயே நில்லுங்க, நான் வந்து கும்புட்டுக்கிறேன்" என்று வெளியே வந்து புகையைக் கையால் அள்ளிக் கண்ணில் வைத்துக்கொள்வாள்.

அன்றைக்கு ஒரு பீரோவின் பின்பக்கத்தில் வேலையாக இருந்தாள். பத்து மணிக்குக் கோயிலுக்குப் போக வேண்டும் என்பதால் முன்கூட்டியே ஆரம்பித்திருந்தாள். அரிசி நிறத்தில் அடித்துக்கொண்டிருந்தாள்.

கயலின் வேன் தாமதமாக வந்தது. வழக்கமாக எட்டேகால், அன்றைக்கு எட்டு முப்பத்தைந்து. அதுவரைக்கும் தூபக்காலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கங்கு இரண்டு முறை அணையப் பார்த்தது, விசிறிக்கொண்டேன். குழந்தை எனக்கு டாட்டா காட்டிவிட்டு வேனில் ஏறியது. வேன் தெரு முனை திரும்பும்வரை பார்த்துவிட்டுத்தான் பின்னால் போனேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக் குழந்தை கண்ணால் எதையும் பார்க்கவில்லை.

கொட்டகைக் கதவைத் திறந்தேன். அவள் பீரோவுக்குப் பின்னால் இருந்ததால் என்னைப் பார்க்கவில்லை. "ஞானதுரைண்ணே, திருகாணி கெடச்சிருச்சா?" என்றாள். நான் தூபக்காலைக் கதவுக்கு உட்புறம், துணிக் குவியல் மேல் சாய்த்து வைத்தேன். கதவைச் சாத்தினேன். வெளியே ஆடு புகாமல் இருக்கப் போட்ட இரும்புக் கொண்டி உண்டு. அதை மாட்டினேன். திரும்பி வந்து முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தேன். கொட்டகைக்கும் நாற்காலிக்கும் இருபது அடி இருக்கும்.

பவுனு சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். என்னைப் பார்த்தாள். கொட்டகையைப் பார்த்தாள். நான் உள்ளே போ என்று கையைக் காட்டினேன். நாற்பத்தாறு வருடம் என்னோடு வாழ்ந்தவள். போனாள்.

ஞானதுரை வந்தது ஒன்பதுக்கு. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். கொண்டி பழுக்கக் காய்ந்திருந்தது, அதை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். உள்ளே போய் அவளை வெளியே இழுத்து வந்தார். பிரயோசனம் இல்லை. அவர் இரண்டு உள்ளங்கையும் இன்றைக்கும் மடங்காது. உளி பிடிக்க முடியாது என்று கேள்வி.

உங்களுக்கு முன்னால் இங்கே இருந்த இன்ஸ்பெக்டர் வந்தார். கொண்டி வெளியே மாட்டியிருந்ததை ஞானதுரை சொன்னார். கதவை வேகமாகச் சாத்தினால் அது தானாக விழுந்து மாட்டிக்கொள்ளும் என்று பவுனு சொன்னாள். தின்னரில் தீப்பற்றி விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். இப்போது நான் சொல்கிறேன். அந்தக் கொண்டி தானாக விழாது. தூக்கி மாட்ட வேண்டும்.

என் மகன் மூன்றாம் நாள் வந்தான். காரியம் முடிந்ததும் கயலைக் கூட்டிக்கொண்டுபோய் ஆண்டிபட்டியில் அவள் தாய்மாமன் வீட்டில் விட்டான். குவைத்துக்குத் திரும்பிவிட்டான். போன் வருவதில்லை. அது அவன் இஷ்டம்.

நான் ஒரு கணக்கில் தவறினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருமகள் சாவுக்கு முப்பது நாள் தீட்டு என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த சிவராத்திரி நெருங்கும்போது பெரியவர்கள் கூடி, இது நெருப்பில் போன அகாலச் சாவு, மூன்று வருடத்துக்கு அந்த வீட்டில் பெட்டி இருக்கக் கூடாது என்றார்கள். தை மாதம் மொக்கைச்சாமி வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். துக்கம் விசாரிக்கிற முகத்தோடுதான் தூக்கினான். இந்த மாசியில் அவன்தான் சுமந்தான். அதற்கு மஞ்சள் வர்ணம் அடித்திருக்கிறான். பஞ்சம்மாள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம்.

அவர்கள் தலையில் வைத்துச் சுமப்பது என் மருமகள் பழைய கதவில் செய்த ஓட்டல் சாமான். இதை அவர்களிடம் நீங்கள் படித்துக் காட்டலாம். எனக்கு ஆட்சேபனை இல்லை.

ஆனால் நான் வந்தது அதற்காக அல்ல. பெட்டி போன பிறகும் நான் ஒரு வார்த்தை பேசாமல்தான் இருந்தேன். பங்குனியில், சங்கிலியம்மாள் என்று மொக்கைச்சாமியின் தங்கை, ரேஷன் கடை வரிசையில் பவுனுவுக்குக் கேட்கும்படி ஒன்று சொல்லியிருக்கிறாள்.

"எந்தத் தச்சன்டி மொதலாளியம்மாவுக்காகக் கையை நெருப்புல விடுவான்? உள்ள என்ன நடந்துச்சோ, அவமானந் தாங்காமப் பத்த வச்சுக்கிட்டா."

பிறகு அது ஊர் முழுவதும் போயிற்று. ஆண்டிபட்டி வரைக்கும் போயிருக்கிறது. நாளைக்குக் கயலுக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறவன் காதிலும் விழும். என் வீட்டுப் பெண் பிள்ளைகளைப் பற்றி இதுவரை யாரும் பேசியதில்லை. என் அம்மா, என் தங்கைகள், பவுனு, ஒருவரைப் பற்றியும் இல்லை. அதனால்தான் பஸ் ஏறி வந்தேன். சொர்ணலதா ஒழுக்கமானவள். ஞானதுரை என்னைப் பார்த்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நடப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. அவள் பத்த வைத்துக்கொள்ளவும் இல்லை. நான் கொன்றேன். கெட்டுப்போகாத பெண்ணைத்தான் கொன்றேன் என்பதை உங்கள் ரைட்டர் தெளிவாக எழுத வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. நேற்று நீங்கள் என்மேல் இரக்கப்பட்டு ஒன்று கேட்டீர்கள். பெரியவருக்குக் காது மந்தமாமே, இருபது அடியில் உட்கார்ந்திருந்தும் சத்தம் கேட்கவில்லையாமே என்று. அதை ஊரில் பரப்பியது பவுனு. தீப்பிடித்த அன்றைக்கே வாசலில் நின்று ஜனங்களிடம் அழுதுகொண்டே சொன்னாளாம், அவுகளுக்குக் காது கேக்காது, அவுகளுக்குக் காது கேக்காது என்று. என் வக்கீலும் அதையே பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்.

அவள் முதலில் கதவை மெதுவாகத்தான் தட்டினாள். "மாமா, கொண்டி விழுந்திருச்சு போல, எடுத்து விடுங்க" என்றாள். நான் அங்கே உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியும், பலகைச் சந்து வழியாகப் பார்த்திருக்கிறாள். "மாமா, இங்கன புகையா இருக்கு." பிறகு மாமா என்று மட்டும். பதினான்கு முறை.

எனக்குக் காது மந்தம் என்பது பொய். எங்கள் வம்சத்தில் யாருக்கும் அந்தக் குறை இருந்ததில்லை.